உவர்நாட்டு வேந்தன் குடியிருந்த தெரு

காரிருள் வேந்தன் என்பவர், உவர்நாட்டின் கொடுங்கோல் மன்னர், நாட்டிலிருந்த நல்ல தண்ணீர்க் கிணறு அத்தனைக்கும் பூட்டுப் போட்டுக் குடிகளைத் தவிக்க விட்ட மகாபாவி, சித்திரை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, கறுப்புப் போர்வையும் இரும்புக் கிரீடமுமாக, எட்டயபுரத்திலிருந்து வந்த பஸ்ஸில் கோவில்பட்டிக்கு வந்து இறங்கினார். கண்டக்டர் அவரிடம் சொன்னது, "படியில நிக்காதீங்க, இறங்குறவுகளுக்கு வழி விடுங்க" என்பது மட்டும்தான். பூக்கடைக்காரம்மா, இந்த வெயிலுக்கு இவ்வளவு கனத்த போர்வையா என்று கொஞ்சம் வருத்தப்பட்டாள். அவர் இடது காலை இழுத்து இழுத்து நடந்து எங்கள் தெருவுக்கு வந்து, வேலாயுதம் அண்ணாச்சியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தெருவே திரும்பிப் பார்க்கும் குரலில், "யாரங்கே! தேநீர் கொணர்க!" என்றார். அண்ணாச்சி பால் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல், "சீனி எப்படி, தூக்கலாவா?" என்று கேட்டார்.

அவர் எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். டீக்கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் சுகிர்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிறுக்கு உண்டு. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் கம்ப்யூட்டர்களை ஓரமாகத் தள்ளி நடுவில் ஒரு பெரிய மேசையைப் போடுவாள். ஆறேழு பேர் சுற்றி உட்காருவார்கள். அவள் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இறங்கி, கதவை உடைக்கிறேன், காவலாளியை ஏமாற்றுகிறேன், இந்தக் கூரையிலிருந்து அந்தக் கூரைக்குத் தாவுகிறேன் என்று சொல்லச் சொல்ல, அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். பெரிய எண் வந்தால் தாவினான், சின்ன எண் வந்தால் விழுந்தான். நாற்பத்திரண்டு வயது வரை கல்யாணம் செய்துகொள்ளாமல் இதையா ஒருத்தி செய்வாள் என்று ஆரம்பத்தில் பேசினோம். பிறகு, அது ஜன்னல் வழியாகக் கீழே கேட்டுக் கேட்டு, எங்களுக்கும் உவர்நாட்டின் மலையும் ஆறும் அத்துப்படியாகிவிட்டன.

இதே கிறுக்குப் பிடித்தவர்கள் மதுரையிலும் திருச்சியிலும் கரூரிலும் நாகர்கோவிலிலும் இருந்தார்கள். தனித்தனியாக ஆடிக்கொண்டிருப்பதைவிட, ஐந்து ஊரும் ஒரே கதையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆடினால் என்ன என்ற யோசனை சுகிர்தாவுடையதுதான். அதற்குத் திட்டம் போட்டவளும் அவள்தான். கரூரில் ஒரு பாலத்தை எரித்தால் நாகர்கோவிலில் அந்தப் பாலத்தில் யாரும் நடக்கக் கூடாது. மதுரையில் ஒரு கிணற்றை மீட்டால் திருச்சிக்காரர்களும் அதில் தண்ணீர் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து ஊர்க் கதைக்காரர்களும் போனில் கூடி, அன்றைக்கு அவரவர் மேசையில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டு, எது அதிக மேசைகளில் நடந்ததோ அதுவே உவர்நாட்டில் நடந்தது என்று தீர்ப்பு எழுதுவார்கள். தை மாதம் தொடங்கி ஒரு வருடக் கதை. மார்கழிக் கடைசியில் ஐந்து ஊர் ஆட்களும் ஒரே மண்டபத்தில் கூடி வேந்தனோடு இறுதிப் போர். எல்லாவற்றையும் யோசித்துத்தான் போட்டிருந்தாள்.

ஒரே ஓர் இடத்தில்தான் சறுக்கினார்கள். வேந்தன் ஒருவர், அவருக்குக் குரல் கொடுப்பவர்கள் ஐந்து பேர். மதுரையில் அவர் முரடராகவும் கரூரில் அவர் கோமாளியாகவும் இருந்தால் கதை சிரிப்பாய்ச் சிரித்துவிடும் என்று பயந்து, ஐவரும் அவர் எப்படிப்பட்டவர் என்பதை ஒழுங்காகப் பேசி முடிவு செய்யலாம் என்று உட்கார்ந்தார்கள். இடது காலில் பழைய ஈட்டிக் காயம் என்றார் மதுரை ஷாகுல். கோபம் வருவதற்கு முன்னால் ஒரு சிரிப்பு வரும் என்றார் கரூர்க்காரர். சூடாக எதைக் கொடுத்தாலும் மூன்று தரம் ஆற்றித்தான் குடிப்பார் என்றார் நாகர்கோவில்காரர். பேரம் பேசாமல் எதையும் வாங்க மாட்டார் என்றார் திருச்சிக்காரர். யாரிடமும் எதற்காகவும் மன்னிப்புக் கேட்க மாட்டார் என்று சொன்னது சுகிர்தா. அதோடு விட்டிருக்கலாம். எப்படித் தும்முவார், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவார், கத்தரிக்காய் பிடிக்குமா பிடிக்காதா என்று இரண்டு மாதம் அவரைச் செதுக்கினார்கள். ஒரு மனிதனை அவ்வளவு விவரமாகச் சொன்னால் அவன் எப்படி வராமல் இருப்பான்?

அண்ணாச்சி மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா சுகிர்தா! ஒன் ஆளு வந்திருக்காக. கீழ வா."

அவள் வந்து பார்த்தாள். அவர் டீயை மூன்று தரம் ஆற்றிக்கொண்டிருந்தார். டீ பத்து ரூபாய் என்று அண்ணாச்சி சொன்னதும் முதலில் சிரித்தார், பிறகு முகம் கடுகடுத்தது, பிறகு ஏழு ரூபாய்க்கு முடித்தார். சுகிர்தா, "தங்குறதுக்கு எடம் பாத்தாச்சா?" என்று கேட்டாள்.

இடம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மேலவீட்டு சார் தன் மாடியறையைக் காட்டக் கூடச் சம்மதிக்கவில்லை. "நீங்க குடும்பமா, தனியாளா?" என்று கேட்டார். "எனக்குக் குடும்பம் எழுதப்படவில்லை" என்றார் வேந்தன். "அப்ப கஷ்டம். கொடுங்கோலனா இருந்தாக்கூட பரவாயில்ல, பேச்சிலருக்குக் குடுக்கக் கூடாதுன்னு வீட்டுல சொல்லிட்டாக" என்று சார் கதவைச் சாத்திவிட்டார். கடைசியில் அண்ணாச்சிதான் டீக்கடைக்குப் பின்னால் சாமான் போட்டிருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்.

உள்ளதைச் சொன்னால், அவரால் எங்களுக்கு லாபம்தான். எங்கள் கரிசல் பக்கம் தண்ணீர் விஷயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழாயில் தண்ணீர் வரும் நாளில் எங்கள் தெருவில் குடத்துக்குக் குடம் மோதி, வாய்க்கு வாய் மோதி, மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியில் நிற்கும் அதிசயமெல்லாம் நடக்கும். அப்படி ஒரு நாள், சண்டைச் சத்தத்தில் தூக்கம் கலைந்து வெளியே வந்த வேந்தன், ஒரு சிரிப்புச் சிரித்தார். தெருவே அடங்கியது. "வரிசை!" என்றார். வரிசை உண்டாயிற்று. ஒரு தேசத்துக் கிணறுகளைப் பூட்டி வைத்து ஆண்டவருக்கு ஒரு தெருக்குழாய் எம்மாத்திரம்! அன்று முதல் தண்ணீர் வரும் நாளில் கிரீடத்தோடு குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். கவுன்சிலர் வீட்டுக் குடமாக இருந்தாலும் பின்னால்தான் நிற்க வேண்டும். போர்வையைக் கழற்றி மேலவீட்டம்மா கொடுத்த அரைக்கைச் சட்டைக்கு மாறினார். பேச்சும் மாறியது. ஆடி மாதத்துக்குள் "தேநீர் கொணர்க" போய், "அண்ணாச்சி, ஒரு டீ கொணாங்க" என்ற அளவுக்கு வந்துவிட்டார். மேலவீட்டு சார் மட்டும், இவருக்கு அப்போதே அறையைக் கொடுத்திருக்கலாம் என்று மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்களுக்கு வேறு வேலை ஓடாது. ஐந்து ஊரிலும் ஆட்டம் நடக்கும், ஐந்து ஊரிலும் அவர்மீது வாள் வீசுவார்கள். சாயங்காலம் கதைக்காரர்கள் போனில் கூடி எந்தக் காயம் உண்மை என்று தீர்ப்பு எழுதிய அந்த நிமிடம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவர் உடம்பில் அந்தக் காயம் விழும். அதனால் தெருவே சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு, தேர்தல் முடிவு கேட்பதுபோல மாடி ஜன்னலுக்குக் கீழே கூடி நிற்கும். சுகிர்தா தலையை நீட்டி, "வலது தோள்ல ஒரு அம்பு. ஆழமில்ல" என்பாள். மெடிக்கல் ஸ்டோர்க்காரர் பஞ்சும் மருந்துமாகத் தயாராக நிற்பார். ஆவணியில் ஒரு ஞாயிறு, கரூர் மேசையில் மோகனப்ரியா என்ற பெண் அவருடைய சுண்டுவிரலை வெட்டிவிட்டாள், நாகர்கோவிலிலும் வெட்டிவிட்டார்கள், மதுரையிலும் கோவில்பட்டியிலும் தப்பிவிட்டது, திருச்சிக்காரருக்கு லைன் கிடைக்காமல் போன அரைமணி நேரமும் அந்த விரல் தெரிவதும் மறைவதுமாக எங்களைப் பாடாய்ப் படுத்தியது. கடைசியில் விரல் தங்கிவிட்டது என்றாலும், இனிமேல் கரூர்ப் போர்வை வாங்குவதில்லை என்று தெருவில் பேசி வைத்துக்கொண்டோம்.

சுகிர்தாவின் மேசையில் ஆடுகிற இசக்கியின் பாடுதான் பாவம். அவன் வீட்டுக்காரி நடுத்தெருவில் வைத்துக் கேட்டாள்: "காலையில அந்த மனுசங்கிட்டத் தண்ணி புடிக்கே, மத்தியானம் அவரு மேலயே அம்பு விடுதியே, ஒனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" வேந்தன்தான் குறுக்கிட்டு, "அம்பு நன்றாகத்தான் வந்தது. கைதான் கொஞ்சம் நடுங்குகிறது. பயிற்சி செய்யச் சொல்லுங்கள்" என்றார்.

சுகிர்தாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் தாமதமாக இரண்டு குடத்தைக் கொண்டு வந்து முன்னால் வைக்கப் பார்த்தாள், அவர் சிரித்தார், அவள் கோபமாக வரிசையின் கடைசிக்குப் போனாள். எல்லோரும் பிடித்து முடித்த பிறகு அவள் முறை வந்தது. நிரப்பியதும், அவரே இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு, அந்த இழுக்கும் காலை வைத்துக்கொண்டு, மாடிப்படி ஒவ்வொன்றாக ஏறினார். சுகிர்தா பின்னாலேயே ஏறினாள். அன்றைக்கு வேலாயுதம் அண்ணாச்சியிடம் வந்து சொன்னாள்: "அண்ணாச்சி, வரிசையில நிக்க வச்சது நாங்க எழுதுனது. குடத்தைத் தூக்கிட்டு வந்தது நாங்க யாருமே எழுதல." அண்ணாச்சி ஒரு டீயைப் போட்டு அவளிடம் நீட்டினார். தான் அதை வாங்கியதே அவளுக்குத் தெரியவில்லை.

கார்த்திகை பிறந்ததும்தான் விஷயம் உறைத்தது. மார்கழிக் கடைசியில் இறுதிப் போர். திட்டப்படி, மீட்கப்பட்ட கிணறுகளின் பலத்தோடு ஐந்து ஊர்க்காரர்களும் உப்பு மலைமேல் ஏறி வேந்தனைக் கொல்ல வேண்டும். ஓர் அம்புக்கு ஓர் அம்பு உடம்பில் விழுகிற மனிதர், கதையில் செத்தால் நிஜமாகவே சாவார் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகமில்லை. தெருவே திரண்டு மாடிக்குப் போனது.

"ஏம்மா, கொல்லணும்னு என்ன கட்டாயம்? ஜெயில்ல போட்டா ஆகாதா?" என்றாள் மேலவீட்டம்மா.

"திருந்திட்டாருன்னு எழுதிரும்மா. திருந்தித்தான இருக்காரு" என்றார் அண்ணாச்சி.

அவர்களுக்குச் சின்ன எண்ணே விழும்படி பகடையில் கொஞ்சம் ஈயத்தை ஊற்றி விட்டால் என்ன என்று மெடிக்கல் ஸ்டோர்க்காரர் மெதுவாக ஆரம்பித்தபோது, சுகிர்தா, "கீழ எறங்குங்க எல்லாரும்!" என்று போட்ட சத்தத்தில் மாடிப்படி காலியாகிவிட்டது. அவள் அவரை எவ்வளவு விரும்பினாளோ அவ்வளவு தன் ஆட்டத்தையும் விரும்பினாள், அதுதான் அவளுடைய கஷ்டமே. எங்கள் முன்னால் சத்தம் போட்டாளே தவிர, அன்று சாயங்காலமே மதுரை ஷாகுலைப் போனில் கூப்பிட்டாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நாங்கள் கீழே நின்று கேட்டோம். ஷாகுல் பேசுவதும் ஸ்பீக்கரில் கேட்டது.

"அக்கா, அவரு நல்லவரா இருக்கலாம். நான் மறுக்கல. ஆனா எங்க பயலுக வருசம் பூரா ஒரு ஞாயித்துக்கெழம விடாம வந்து கெணறு கெணறா மீட்டிருக்காய்ங்க. கடசி நாளு வந்து, 'மன்னர் திருந்திட்டாரு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க'ன்னா என்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவாய்ங்க."

"எனக்குத் தெரியாதா ஷாகுல்?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்களே. ஒங்க ஊருக்கு ஒரு நியாயம், எங்க ஊருக்கு ஒரு நியாயம்னா எதுக்குக்கா பொதுக்கதை? அவனவன் வீட்டுல உக்காந்து தனியாவே ஆடிக்கிறலாமே. இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"செத்துருவாரு, ஷாகுல்."

"சாவு என்னக்கா சாவு? எங்க மேசைல காதர்னு ஒருத்தன், மாசம் ஒருக்கா சாகுறான். அடுத்த வாரம் வேற பேரு, வேற வாளு, அதே முறுக்குப் பாக்கெட்டோட வந்து உக்காந்துர்றான்."

"அவன் ஆடுறவன். செத்தது அவன் பாத்திரம். இவரு ஆடுறவரு இல்ல, நாம ஆட்டி வைக்கிறவரு."

"அப்ப அவரையே ஆடச் சொல்லுங்க!" என்று ஷாகுல் எரிந்து விழுந்தார்.

எரிச்சலில் சொன்ன வார்த்தைதான், ஆனால் சொன்னவருக்கே அது உறைத்துவிட்டது போலிருக்கிறது.

"ஆடலாமாக்கா?" என்றார் ஷாகுல், குரல் இறங்கி. "வேந்தனுக்கு நாமதான் குரல் குடுக்கணும்னு எங்கயும் விதி இல்லயே. அவரு வந்து உக்காரட்டும். அவரே உருட்டட்டும். ஆனா ஒண்ணு, மனசறிஞ்சு விட்டுக் குடுக்கக் கூடாது. அவரு ஜெயிச்சா ஜெயிச்சதுதான், உவர்நாடு அவருக்கு. பயலுககிட்ட நான் பேசிக்கிறேன்."

மறுநாளே மற்ற மூன்று ஊரும் ஒப்புக்கொண்டன. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்போதே அவர் பிழைத்துவிட்டார் என்று கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவு சுலபமில்லை என்று சுகிர்தாவுக்குத் தெரியும். காதர் வேறு, காதரின் பாத்திரம் வேறு. பாத்திரம் செத்தால் காதர் மிச்சமிருப்பான், பஸ் ஏறி வீட்டுக்குப் போவான். வேந்தனிடம் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்களா? நடையும் சிரிப்பும் தும்மலும் ஐந்து பேர் எழுதியது. அதையெல்லாம் கழித்துவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க யாராவது மிஞ்சுவார்களா?

மாடிப்படியில் வைத்து அவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார், அதாவது கோபம் வந்துவிட்டது. "எனக்கு யாரும் உயிர்ப் பிச்சை போட வேண்டியதில்லை."

"பிச்சை இல்ல. நீங்க ஜெயிக்கத்தான் ஆடணும். ஜெயிச்சா உயிரோட மன்னரா இருப்பீங்க."

"அப்படியானால் திரும்பிப் போக வேண்டும், உவர்நாட்டுக்கு."

"ஆமா."

"தோற்றால்?"

"தெரியல" என்றாள் சுகிர்தா. "தோத்தா நீங்க இருப்பீங்களான்னே தெரியல. ஜெயிச்சாலும் இங்க இருக்க மாட்டீங்க. ரெண்டுல எதுக்கு ஜெபம் பண்ணன்னு எனக்குத் தெரியல." சொல்லிவிட்டு அழுதாள், படியிலேயே உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு. அழுகிற பெண்ணுக்குப் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் எழுதவில்லை. அவர் இரண்டு படி கீழே உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. பிறகு, "ஒழுங்காக ஆடுகிறேன்" என்றார்.

மார்கழிக் கடைசி ஞாயிறு, ஸ்டேஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஐந்து ஊர் ஆட்களும் வந்து இறங்கினார்கள். கொல்ல வந்தவர்கள் என்றாலும் விருந்தாளிகள் அல்லவா, அவர்களுக்கு எங்கள் தெருதான் சமைத்தது. காலையில் இட்லியும் பொங்கலும், கையில் ஆளுக்கொரு கடலைமிட்டாய்ப் பொட்டலம். ஐந்து மேசைகளை அரைவட்டமாகப் போட்டு, மணவறை மேடையில் வேந்தனுக்குத் தனியாக ஒரு மேசையும் நாற்காலியும். அரைக்கைச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய போர்வையைப் போர்த்தி, கிரீடம் வைத்து வந்து உட்கார்ந்தார். மோகனப்ரியா என்ற அந்தக் கரூர்ப் பெண்ணை நாங்கள் எல்லோரும் ஒரு பார்வை பார்த்தோம். சின்னப் பெண், கண்ணாடி போட்டிருந்தாள், பயந்து போயிருந்தாள். மேலவீட்டம்மா அவளுக்கு மட்டும் சட்னி ஊற்றாமல் போனதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்து ஊற்றினாள்.

ஆட்டம் தொடங்கியது. சும்மா சொல்லக் கூடாது, மனிதர் ஆடினார்! திருச்சிப் படை பள்ளத்தாக்கில் வரும் வரை காத்திருந்து, அதுவரை பூட்டியே வைத்திருந்த மேட்டு ஊற்றுக் கிணறுகளை ஒரே நேரத்தில் திறந்துவிட்டு அவ்வளவு பேரையும் வெள்ளத்தில் அடித்துப் போனார். நாகர்கோவில் தலைவனிடம் ஆள் அனுப்பி, பேரம் பேசி, பாதி ராஜ்யம் தருவதாகச் சொல்லி, கால் ராஜ்யத்துக்கு அவனை விலைக்கு வாங்கினார். இசக்கியின் அம்பு இந்தத் தடவை நடுங்காமல் வந்து அவர் தொடையில் தைத்தபோது மேடையில் ரத்தம் சொட்டியது, "இதுதான் அம்பு!" என்று அவர் பாராட்டினார். அவர் பகடையில் பெரிய எண் விழுந்தபோதெல்லாம் நாங்கள் கைதட்டினோம், தட்டியதும் சுகிர்தாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினோம், அவர் ஜெயித்தால் அவரை இழப்போம் என்பது கைதட்டும்போது மறந்து மறந்து போனது. சுகிர்தா யார் பக்கமும் பார்க்காமல், ஐந்து மேசைக்கும் நடுவராக, விழுந்த எண்ணை விழுந்தபடி உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட ஆரம்பித்த நேரத்தில், உப்பு மலை உச்சியில் மிஞ்சியது இரண்டு பேர். வேந்தனும் மோகனப்ரியாவின் வாள்வீராங்கனையும். அவள் பகடையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வேந்தனைப் பார்த்து, "உருட்டட்டுங்களா சார்?" என்று கேட்டாள்.

"சண்டையில் அனுமதி கேட்கக் கூடாது, பெண்ணே. உருட்டு."

உருண்டு நின்றது. சுகிர்தா குனிந்து பார்த்தாள். "இருபது" என்றாள்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரம் செத்தால் எப்படிச் செத்தது என்பதை அந்தப் பாத்திரத்தை ஆடியவர்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வேந்தன் எழுந்து நின்றார். சித்திரையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொண்டு வந்த அந்தப் பழைய குரல் திரும்பி வந்தது.

"உப்பு மலையின் உச்சியில் காரிருள் வேந்தன் வீழ்ந்தான். கிணறுகளின் சாவிக்கொத்து அவன் கையில் இருந்தது. அதை அவன் உங்கள் முன் எறியவில்லை. எறிந்திருந்தால் பணிந்தான் என்பீர்கள். இடுப்பில் செருகிக்கொண்டே சரிந்தான். வேண்டுமென்றால் உப்பைத் தோண்டித் தேடிக்கொள்ளுங்கள். அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து மேசைமேல் தலையைக் கவிழ்த்தார். கிரீடம் உருண்டு தரையில் விழப்போனது, விழவில்லை, வழியிலேயே இல்லாமல் போனது. போர்வையும் போனது. தொடையில் இருந்த ரத்தம் போனது. மோகனப்ரியா விசும்ப ஆரம்பித்தாள். ஷாகுல் நாற்காலியை விட்டு எழுந்து மேடைப் பக்கம் வந்தார். இருபதைக் காட்டிக்கொண்டு கிடந்த பகடையை யாரும் எடுக்கவில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. கவிழ்ந்த தலை நிமிர்ந்தது.

வெள்ளை பனியன் போட்ட, நரை கண்ட ஒரு மனிதர் மேடையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார், இரண்டு காலும் ஒரே மாதிரி நின்றன. வேலாயுதம் அண்ணாச்சி ஓடிப்போய் ஒரு டீயை நீட்ட, அதை ஆற்றாமல் அப்படியே வாயில் வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, "ஐயோ, மன்னிச்சிருங்க, சிந்திட்டேன்" என்றார். எங்களுக்குத் திக்கென்றது. அவரில் அந்த ஐந்து பேர் எழுதியது எதுவுமே மிச்சமில்லை. முன்பின் தெரியாத ஊரில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டவர்போல அவர் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சுகிர்தா மேடைப் படியில் ஏறினாள். எதிரே போய் நின்று, எங்களுக்கெல்லாம் கேட்டுவிட்ட ஒரு சின்னக் குரலில், "என்னையத் தெரியுதா?" என்று கேட்டாள்.

அவர் டீ டம்ளரை மேசைமேல் வைத்தார்.

"ஒங்களைத் தெரியுது, சுகிர்தா" என்றார். "நல்லாத் தெரியுது. நான் யாருன்னுதான் தெரியல."

"அது பரவாயில்ல" என்றாள் அவள். "எனக்குத் தெரியும். வாங்க, எல போட்டாச்சு, சாப்பிடுவோம்."